பதினாலாம் எண் வீட்டுக்குப் போகும் வழி

கணினி அறை என்று பலகை மாட்டியிருந்த அறையில் பதினொரு கணினிகள் இருந்தன. அவற்றில் ஏழு வேலை செய்தன. அந்த ஏழிலும் இரண்டு, மனசு வந்தால் மட்டும் வேலை செய்தன. புவியியல் டீச்சர் வாரத்துக்கு மூன்று பீரியட் அந்த அறையைக் கேட்டபோது தலைமையாசிரியை யோசிக்காமல் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. எதற்கும் காசு கேட்டு வரக் கூடாது.

டீச்சர் கேட்கவில்லை. இணையத்தில் இனாமாகக் கிடைக்கிறதை எல்லாம் ஒவ்வொன்றாக முயன்று பார்த்து, எது எந்த அளவுக்குத் தாங்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு தளம் வினாடி வினா செய்து தரும், ஆனால் முப்பது பேருக்கு மேல் சேர்க்காது. வகுப்பிலோ முப்பத்து நாலு பேர். இன்னொன்று வரைபடத்தில் ஊசி குத்திப் பயணம் அமைத்துத் தரும், ஆனால் பத்து ஊசிதான். பதினோராவது ஊசியை எடுத்தால், பணம் கட்டு என்று ஒரு பெட்டி பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும். நல்ல பனிமலை ஒன்றைத் திரையில் விரித்து, பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, மலைக்கு நடுவே வழுக்கைக்கு எண்ணெய் விளம்பரம் குதிக்கும். அறிவியல் சாருக்கு உச்சந்தலை காலி. அன்று முழுக்க ஏழாம் வகுப்பு அவரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தது.

அப்படியும் வகுப்பு களைகட்டியது. டீச்சர் அவர்களைக் கப்பல்கள் உறைந்து நின்ற துறைமுகத்துக்கும், ரயிலே வராத பாலைவன நிலையத்துக்கும், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நின்ற ஏதோ ஒரு நாட்டுத் தெருவுக்கும் கூட்டிப்போனார். அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினால் பத்தடி முன்னால் போகும். பிள்ளைகள் முறைவைத்துத் தட்டினார்கள். தெருவில் போகிறவர்களின் முகங்களைத் தளமே மழுக்கிவிட்டிருந்தது. முதல் நாளே ஒருவன் எழுந்து, இவர்கள் எல்லாம் ஏன் மூஞ்சி கழுவாமல் வெளியே வந்திருக்கிறார்கள் என்று கேட்டான். டீச்சர் விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகும் யாராவது கலங்கலாகத் தெரிந்தால், “இவரும் கழுவலை மிஸ்” என்று கோரஸாகச் சொல்வது வழக்கமாகிப்போனது.

டீச்சருக்கும் இது வெறும் பாடமில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போகவே போகாத ஊர்களின் சந்துகளில் நடப்பார். பிடித்த இடம் கிடைத்தால், அங்கிருந்து தன் நாற்காலிவரைக்கும் எவ்வளவு தூரம் என்று தளத்தின் அளவுகோலை இழுத்துப் பார்ப்பார். எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று வரும். கணினியை மூடிவிட்டுக் கை கழுவப் போவார்.

மூன்றாவது வாரம் பிள்ளைகளுக்கு வெளிநாடு சலித்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தார்கள். சரி என்று டீச்சர் வேலை கொடுத்தார். ஆளுக்கொரு பயணம். வீட்டிலிருந்து பள்ளிவரை, பத்து ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு வரி எழுத வேண்டும், வழியில் என்ன இருக்கிறது என்று.

வந்தவற்றைப் படித்தபோது டீச்சருக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. “வீடு. அப்புறம் ரோடு. அப்புறம் இன்னொரு ரோடு. ஸ்கூல்” என்று ஒருவன் முடித்திருந்தான். ஒருத்தி பத்து ஊசியையும் தன் வீட்டு மாடியிலேயே குத்தியிருந்தாள். தினமும் நடக்கிற தெருவைப் பற்றி எழுத யாருக்கும் எதுவும் இருக்கவில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. அது சேவல் எழுதியது.

அந்தப் பெண்ணுக்குச் சேவல் என்று பெயர் வைத்தது வகுப்புதான். எந்த நாளும் பள்ளிக்கு முதலில் வருகிறவள் அவள். ஏழே கால் மணிக்கு வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போது வெளியே நிற்பாள். மற்றவர்கள் எட்டரைக்கு வந்து சேரும்போது, கணினி அறையில் மனசு வந்தால் வேலை செய்கிற அந்த இரண்டில் ஒன்றை எப்படியோ எழுப்பி வைத்திருப்பாள். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். பதிவேட்டில் அவள் முகவரி பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி, எண் பதினாலு. பக்கத்திலேயே வீடு, அதனால்தான் சீக்கிரம் வருகிறாள் என்று எல்லோரையும்போல டீச்சரும் நினைத்திருந்தார்.

அவள் எழுதியிருந்தது இப்படி இருந்தது:

“எங்கள் வீடு எண் 14. இரும்புக் கதவு பச்சை. கதவுத் தூணின் மேல் ஒரு பூந்தொட்டி கவிழ்ந்து கிடக்கும். யாரும் அதை நிமிர்த்துவதில்லை.”

“செருப்புத் தைப்பவர். அவர் குடையில் ஒரு கம்பி உடைந்திருக்கும். அந்தப் பக்கம் மட்டும் குடை தூங்கும்.”

“ரொட்டிக் கடை. வாசலில் பழுப்பு நாய் படுத்திருக்கும். அதன் நிழல் அதைவிடப் பெரியது.”

“ஏணி தூக்கியவர். எப்போதும் ஏணியோடு இங்கேதான் நிற்பார். எங்கே ஏறப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது.”

டீச்சர் அதைத் திரையில் போட்டு வகுப்புக்குப் படித்துக் காட்டினார். ஏணிக்காரர் ஒரே நாளில் பிரபலமாகிவிட்டார். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால், ஏணிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன் என்று பதில் வர ஆரம்பித்தது. தலைமையாசிரியைக்கும் பிடித்துப்போயிற்று. இதுதான் பிள்ளைகளுக்கு வேண்டியது, தன்னைச் சுற்றிப் பார்க்கிற கண் என்று சொல்லி, அந்தப் பயணத்தின் லிங்க்கைப் பெற்றோர் குழுவிலும் ஊழியர் குழுவிலும் அவரே போட்டார்.

மறுநாள் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போனபோது கிளார்க் டீச்சரை நிறுத்தினார். சட்டைப் பையில் பேனா வைக்க வேண்டிய இடத்தில் வட்ட முத்திரையை வைத்துக்கொண்டு திரிகிற மனிதர். அதனால் ஆசிரியர்களுக்குள் அவர் பெயர் சீல். அந்த மாதம் அவருக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. பள்ளியைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் இடம். பொய் முகவரி கொடுத்துச் சேர்ந்தவர்களை அரையாண்டுக்குள் கண்டுபிடித்து மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்ப வேண்டும். அவர் ஒரு பட்டியலோடு சாயங்காலம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்பு முடிந்துவிட்டது. அடுத்த வாரம் ஏழு.

“நானும் பதினஞ்சு வருஷமா அந்தத் தெரு வழியாத்தான் வர்றேன் டீச்சர்,” என்றார் கிளார்க், பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்த ஏணிக்காரரை ஒரு நாளும் பார்த்ததில்லையே.”

டீச்சர் அதை வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டார். ஆனாலும் மனசில் ஒரு ஆசை எழுந்தது. திரையில் இருக்கிற தெருவையும் நிஜத் தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எப்படி இருக்கும்? ஏணிக்காரரை ஒரு படம் பிடித்துவிட்டால் வகுப்பே கூரையைப் பிய்த்துவிடும். அன்று பள்ளி விட்டதும் போனோடு கிளம்பினார்.

தெருமுனையில் ரொட்டிக் கடை இருக்க வேண்டிய இடத்தில் போன் உறைகள் தொங்கிய கடை இருந்தது. தெரு தப்பிவிட்டோமோ என்று டீச்சர் திரும்பிப்போய்ப் பலகையைப் பார்த்தார். தப்பவில்லை. செருப்புத் தைப்பவர் இருந்த மூலையில் ஒரு பணம் எடுக்கும் இயந்திரம், கண்ணாடிக் கூண்டுக்குள். நாய் இல்லை. ஏணி இல்லை. எண் பதினாலில் மூன்று மாடிக் கட்டடம் புதுச் சாயத்தோடு நின்றது. பதினாலு ஏ, பதினாலு பி என்று தொடங்கி எஃப்வரை போன பெயர்ப் பலகையை ஒரு வரி விடாமல் படித்தார். அவருக்குத் தெரிந்த பெயர் எதுவும் அதில் இல்லை.

வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டார். பழைய வீட்டை இடித்து ஐந்து வருஷம் ஆகிறது என்றார் அவர்.

டீச்சர் அங்கேயே நின்று போனில் சேவலின் பயணத்தைத் திறந்தார். பச்சைக் கதவு. கவிழ்ந்த தொட்டி. குடை. நாய். ஒரு காலை எட்டி வைத்தபடி, முகம் கலங்கிய ஏணிக்காரர். படத்தின் கீழ் மூலையில், எறும்பு அளவு எழுத்தில், அது எடுக்கப்பட்ட மாதமும் வருடமும் இருந்தன. ஏழு வருடம் முந்தியது. மூன்று வாரமாக வகுப்புக்கு வரைபடம் காட்டுகிற டீச்சர், அந்த மூலையைப் பார்க்கும்படி ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெண் இந்தத் தெருவில் நடந்ததே இல்லை. அதனால்தான் அவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறாள்.

அதை நினைத்துச் சந்தோஷப்பட்ட அதே நிமிடத்தில் டீச்சருக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. லிங்க் இரண்டு குழுவிலும் இருக்கிறது. கிளார்க் படித்தாயிற்று, ஏணியில் அவருக்கு ஒரு கண் விழுந்துமாயிற்று. அடுத்த வாரம் பட்டியலோடு இதே வாசலில் வந்து நிற்பார். பொய் முகவரியை ஒளித்துவைக்க நினைத்த ஒருத்தியிடம், அதற்குப் பத்து ஊசி குத்திப் பறைசாற்று என்று வேலை கொடுத்தது யார்? டீச்சருக்குப் பதில் தெரியும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனார்.

மறுநாள் ஏழு பத்துக்கு டீச்சர் பள்ளி வாசலில் இருந்தார். என்ன டீச்சர், கடிகாரம் கெட்டுப்போச்சா என்று வாட்ச்மேன் விசாரித்தார். ஐந்து நிமிடத்தில் சேவல் வந்தாள். டீச்சரைப் பார்த்ததும் நடை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இருவரும் கணினி அறைக்குப் போனார்கள். அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். இயந்திரம் முனகிக்கொண்டு எழுந்தது.

“நேத்து அந்தத் தெருவுக்குப் போனேன்,” என்றார் டீச்சர்.

அவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். “ஏணிக்காரர் இல்லையா மிஸ்?”

“ஏணியும் இல்ல. வீடும் இல்ல.”

அவள் அழுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. வீடு எப்போது போயிற்று என்று கேட்டாள். ஐந்து வருஷம் என்றதும் விரல் விட்டு எண்ணினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளுடைய அம்மா ஒரு காலத்தில் அந்தப் பதினாலாம் எண் வீட்டுக்கு வாரம் இருமுறை துணி தேய்க்கப் போவார். அந்த வீட்டு அம்மா கொடுத்த பழைய மின்சார ரசீது ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை வைத்துத்தான் பள்ளியில் சேர்த்தது. யாராவது பார்த்து, நீ எந்த வீட்டுப் பெண் என்று கேட்டுவிட்டால் எல்லாம் போச்சு என்று அம்மாவுக்குப் பயம்.

“அந்தத் தெருவுல காலே வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மிஸ்.”

“அப்புறம் எப்படி அவ்வளவு எழுதின?”

“மேப்ல கால் வைக்க வேண்டாம்ல.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது இந்த நேரத்தில் வந்திருக்கக் கூடாது. இருமி மறைத்துக்கொண்டார். மூன்று வாரமாக அவள் தினமும் காலையில் அந்தத் தெருவில் போய்வந்திருக்கிறாள். எந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்றுகூட அவளுக்குத் தெரியும். பெரிய பொய்யில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாடம் செய்ததுதான். ஆனால் நடுவில் எங்கேயோ அவளுக்குத் தெரு பிடித்துப்போய்விட்டது. ஏணிக்காரரைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லையே.

என்னை அனுப்பிவிடுவார்களா என்று அவள் கேட்டாள். அடுத்த வாரம் கிளார்க் சார் வருகிறார் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. டீச்சர் தெரியாது என்று உண்மையைச் சொன்னார். பிறகு, உன் வீடு நிஜமாக எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அவள் வாயால் சொல்லவில்லை. மவுஸைப் பிடித்து வரைபடத்தை இழுத்தாள். பள்ளியின் கூரை நகர்ந்தது. கடைகள், ஒரு பூங்கா, அப்புறம் சரக்கு ரயில் யார்டு. நாற்பது தண்டவாளம் அகலத்துக்கு, பெட்டிகள் தீக்குச்சி அடுக்கியதுபோல. அதைத் தாண்டியதும் நெருக்கமாகக் கூரைகள். அவற்றில் ஒன்றில் நீலத் தண்ணீர்த் தொட்டி. அங்கே நிறுத்தினாள்.

“முதல் பஸ்ஸு பாலம் வரைக்கும். அங்க இறங்கி இன்னொரு பஸ்ஸு. ஆறு மணிக்குக் கிளம்பணும். அடுத்த பஸ்ஸைப் புடிச்சா மணி அடிச்சப்புறம்தான் வந்து சேர முடியும்.”

டீச்சர் கை தன் பாட்டுக்கு அளவுகோலை எடுத்தது. அது அவருக்கு வெறும் பழக்கம், எட்டாயிரம் கிலோமீட்டரை இழுத்து இழுத்து வந்த பழக்கம். நீலத் தொட்டியில் ஒரு தட்டு. பள்ளி வாசலில் ஒரு தட்டு. யார்டின் மேலே கோடு விழுந்தது. கோட்டின் நுனியில் எண் வந்தது.

இரண்டு கிலோமீட்டர், எழுநூற்று முப்பது மீட்டர்.

டீச்சர் அதை அழித்துவிட்டு மறுபடி அளந்தார். பிறகு இன்னொரு கணினியில் உட்கார்ந்து வேறு ஒரு தளத்தில் அளந்தார். அங்கே எழுநூற்று முப்பத்தைந்து வந்தது. சேவல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு மிஸ் என்று கேட்டாள். இரு என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் அலுவலகத்துக்குப் போனார்.

கிளார்க் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். தூரம் பற்றிப் பாடம் எடுக்கப்போகிறேன், அந்த மூன்று கிலோமீட்டர் உத்தரவை ஒரு தடவை காட்ட முடியுமா என்று டீச்சர் கேட்டார். அது முழுப் பொய்யும் இல்லை. கிளார்க் சந்தோஷமாகவே கோப்பை எடுத்தார். உத்தரவுகளில் யாரும் இவ்வளவு ஆர்வம் காட்டி அவர் பார்த்ததில்லை. நாலாவது பத்தியில் இருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாமல். தொலைவு, பள்ளி வாசலிலிருந்து நேர்கோட்டில் கணக்கிடப்படும்.

“சார், இதை எப்படி அளப்பீங்க?”

“அளக்கறதென்ன?” என்றார் கிளார்க். “தெருப் பேரைச் சொன்னாலே தெரியாதா நமக்கு? யார்டுக்கு இந்தப் பக்கம்னா உள்ள. அந்தப் பக்கம்னா வெளிய. ரெண்டு பஸ்ஸு தூரம்.”

டீச்சர் நன்றி சொல்லி, நாலாவது பத்தியை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

அம்மாவை அழைத்து வரும்படி சேவலிடம் சொல்லி அனுப்பினார். வியாழக்கிழமை நாலு மணிக்கு அவர் வந்தார். சலவைக் கடையில் வேலை முடிந்த கையோடு வந்திருந்தார். மெலிந்த உருவம், முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள். தோளில் பெரிய பை ஒன்று. அது காலியாக இருந்தது. மகளுடைய புத்தகங்களை வாரி எடுத்துப்போகக் கொண்டுவந்தது என்பது டீச்சருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கணினி அறையில் அவரை உட்கார வைக்க முடியவில்லை. நின்றுகொண்டே, தப்பெல்லாம் தன்னுடையது, மகளுக்குச் சம்பந்தமில்லை, சான்றிதழில் மட்டும் எதுவும் குத்தலாக எழுதிவிடாதீர்கள் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததை ஒரே மூச்சில் சொன்னார். டீச்சர் நடுவில் புகுந்து, சான்றிதழ் கொடுக்கக் கூப்பிடவில்லை என்றார். பிறகு திரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். உங்கள் வீடு மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. பொய்யே தேவைப்பட்டிருக்கவில்லை.

அந்த அம்மா மகளைப் பார்த்தார். மகள் தலையை ஆட்டினாள்.

“ரெண்டு பஸ்ஸு மாறி வர்ற தூரம் எப்படி டீச்சர் மூணு கிலோமீட்டர் ஆகும்?”

“பஸ்ஸு யார்டைச் சுத்திக்கிட்டு பாலம் வழியா வருது. ரூல்ல சுத்து கணக்கில்ல. நேரா.”

“நேரா யாரு வர்றா? காக்காவா?”

“ரூல் காக்காவுக்கு எழுதினதுதான்,” என்றார் டீச்சர்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. படத்தில் எல்லாமே கிட்டத்தான் தெரியும் என்றார். கல்யாணத்துக்கு முன்னால் தன் வீட்டுக்காரரைக்கூடப் படத்தில்தான் பார்த்தேன், உயரமாகத் தெரிந்தார் என்றார். மகள் மவுஸை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, கூரைமேல் இறங்கினாள். நீலத் தொட்டி. தொட்டியின் மூடிமேல் வைத்த கல். கொடியில் காயப் போட்டிருந்த கட்டம்போட்ட போர்வை. அந்த அம்மா முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

தன் போர்வையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து, வீட்டிலிருந்து பள்ளிவரை கோட்டின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார். யார்டின் நடுவில் ஒரு தடவை விரல் நின்றது.

“சேக்க வந்த அன்னைக்கு ஆபீஸ்ல இருந்த சார்தான் கேட்டாரு, எத்தனை பஸ்ஸுன்னு. ரெண்டுன்னேன். அப்ப ஃபாரமே வாங்காதீங்க, வீணாப் போயிடும்னாரு. வெளிய வந்து அந்த ரசீது ஞாபகம் வந்துச்சு. மறுநாள் வேற சார் இருந்தாரு.” விரலை எடுத்துக்கொண்டார். “ரெண்டு வருஷமா காலையில பஸ்ஸுல இவளை ஒப்பிக்கச் சொல்லிக்கிட்டு வர்றேன் டீச்சர். நம்பர் என்ன, தெரு என்ன, பக்கத்து வீடு என்னன்னு. பாடம் கூட அப்படி ஒப்பிச்சதில்ல.”

டீச்சர் முகவரி மாற்றும் படிவத்தை மேசையில் வைத்தார். பழைய முகவரி, புது முகவரி என்று இரண்டு கட்டம். அவற்றுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு கட்டம்: புது முகவரியில் எந்தத் தேதியிலிருந்து வசிக்கிறீர்கள். அதில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாமே இருந்தது. போன வாரம் குடிபோனோம் என்று எழுதினால் ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். உண்மையை எழுதினால், இரண்டு வருஷம் பொய் சொன்னேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. கிளார்க் நினைத்தால் அந்த ஒரு வரியை வைத்தே அனுப்பிவிடலாம். இரண்டையும் டீச்சர் ஒளிக்காமல் சொன்னார். எது என்று சொல்லவில்லை. தன்னால் சொல்லக்கூடியது இல்லை என்று நினைத்தாரோ, சொல்லப் பயந்தாரோ, அது அவருக்கே தெளிவாக இல்லை.

“போன வாரம்னு போடும்மா,” என்றாள் மகள்.

அந்த அம்மா பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். “அப்புறம் எந்த வீட்டுலேருந்து வந்தோம்னு கேப்பாங்க. அதுக்கு ஒண்ணு ஒப்பிக்கணும். முடியாதுடி.”

எழுத்துக் கூட்டி எழுதினார். எழுதி முடித்ததும் படித்துப் பார்க்காமல் படிவத்தைத் திருப்பி வைத்தார்.

அலுவலகத்தில் கிளார்க் கிளம்பத் தயாராக இருந்தார். டீச்சர் படிவத்தோடு, நாலாவது பத்தியின் நகலையும் வரைபடத்தை அச்சடித்த தாளையும் சேர்த்து மேசையில் வைத்தார். அம்மாவும் மகளும் வாசற்படிக்கு வெளியே நின்றார்கள். கிளார்க் முதலில் வரைபடத்தைப் பார்த்தார். யார்டின் மேல் விழுந்திருந்த கோட்டை, ஏதோ அழுக்குப் பட்டதுபோல, விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு பத்தியைப் படித்தார். அதில் ‘நேர்கோட்டில்’ என்ற சொல்லிடம் வந்து நின்றார். கோப்பை எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டார். மேசை இழுப்பறையிலிருந்து அடிக்கோலை எடுத்து, தாளின் ஓரத்தில் இருந்த அளவுக் கோட்டோடு வைத்துத் தன் கையால் அளந்தார். அதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஆனது.

கடைசியாகப் படிவத்துக்கு வந்தார். மூன்றாவது கட்டத்தில், “மகள் பிறந்ததிலிருந்து” என்று இருந்தது.

அவர் மெதுவாக நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். “உள்ள வாங்கம்மா.”

அந்த அம்மா உள்ளே வந்தார், பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

“சேக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை இங்க வந்தீங்களா?”

“வந்தேன் சார்.”

“நான்தான் இருந்தேனா?”

“நீங்கதான்.”

கிளார்க் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். “எத்தனை பஸ்ஸுன்னு கேட்டிருப்பேன்.”

“ஆமா சார்.”

“எவ்வளவு தூரம்னு கேக்கல.”

“கேக்கல சார்.”

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். சேர்க்கும்போது கொடுத்து, கோப்பில் இருக்கிற அந்த ரசீது சமாசாரம் லேசில் விடக்கூடியது இல்லை என்று கிளார்க் பொதுவாக, சுவரிடம் சொல்வதுபோல, ஆரம்பித்தார். முறைப்படி பார்த்தால் மேலே எழுத வேண்டும் என்றார். எழுதினால் முதல் கேள்வி, அன்றைக்கு விண்ணப்பத்தைத் தர மறுத்தது யார் என்று வரும் என்றும் அவரே சொன்னார். பேனாவை எடுத்தார். படிவத்தின் ஓரத்தில் “நேர்கோட்டில் 2.73 கி.மீ., அளந்து பார்க்கப்பட்டது” என்று தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். மூன்றாவது கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, அழுத்தினார்.

கீழ்ப்பாதியைக் கிழித்து ஒப்புகைச் சீட்டை நீட்டினார். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு தடவை தனக்குள் படித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார்.

“சத்தமாப் படி.”

“இங்கேயா?”

“இங்கேதான்.”

சேவல் தன் பெயரைப் படித்தாள். அம்மா பெயரைப் படித்தாள். கதவு எண் வந்ததும், தாளில் வேறு எண் இருக்க, வாய் அதுபாட்டுக்குப் பதினாலு என்றது. யாரும் திருத்தவில்லை. அம்மா காத்திருந்தார். கிளார்க் இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினார். அவள் ஒரு தடவை மூச்சு விட்டு, வரியின் தொடக்கத்துக்குப் போய், தாளில் இருந்ததை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.